பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்த ஆங்கிலம்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் சங்கத்தின் கல்விக் குழுவினர் வழங்கிய உரை)



 

இந்த உரையை எங்களில் ஒருவர் வாசித்தாலும் எழுதியவர்கள் நால்வர். மூன்று ஆண்கள், ஒரு பெண். 1984இல் ஒரே ஆண்டில் பல்கலைக்கழகம் போன நால்வர். நால்வருக்கும் சங்கம் கல்விக் கடன் கொடுத்தது. அதனால்தான் "நான்" என்று சொல்லாமல் "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகப்போகிறோம். எந்தப் பல்கலைக்கழகம், எந்த விரிவுரையாளர் என்று பெயர் சொல்லப்போவதில்லை. எங்களில் யாருக்கு என்ன நடந்தது என்பதையும் பிரித்துச் சொல்லப்போவதில்லை. அது நாங்கள் நால்வரும் பேசி முடிவு செய்த விஷயம். உங்களில் மூத்தவர்கள் சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டு சும்மா இருங்கள்.

மலர்க் குழுவினர் எங்களிடம் கேட்டது "கல்வியில் நம் சமுதாயத்தின் சாதனைகள்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று. சாதனைகளை அடுத்த பக்கங்களில் படங்களோடு போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் தடுமாறிய கதையைச் சொல்கிறோம் என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள்.

பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்தபோது எங்களிடம் எத்தனை மொழி இருந்தது என்று எண்ணிப் பார்த்தோம். வீட்டில் தமிழ். முதல் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி. மாலையில் மதரசாவில் குர்ஆன் ஓதினோம். அரபு எழுத்து நன்றாக வரும், பொருள் வராது. தமிழ்ப்பள்ளி முடித்தவுடன் ரிமூவ் வகுப்பில் ஓராண்டு மலாய். பிறகு இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாயில். ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவுதான். எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத் தாளை எழுத வேண்டும், ஆனால் அதில் தேறினால்தான் சான்றிதழ் என்ற நிபந்தனை இல்லை. ஆறாம் படிவத்தில் அந்த ஒரு பாடமும் இல்லை. எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படித்த இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரைகூட எழுதாமல் நாங்கள் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தோம்.

இளையவர்களுக்காக ஒரு சிறு வரலாறு. தீபகற்ப மலேசியாவில் ஆங்கிலப் பள்ளிகளை மலாய்மொழிக்கு மாற்றும் பணி 1970இல் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பாக மேலே ஏறியது. அந்த ஏணி 1983இல் பல்கலைக்கழக முதலாண்டைத் தொட்டது. அதே 1970இல் தொடங்கிய மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் முதல் நாளிலிருந்தே மலாயில் நடந்தது. 1949இல் சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த மலாயாப் பல்கலைக்கழகமும், 1969இல் பினாங்கில் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகமும் படிப்படியாக மாறின. ஆகவே 1984இல் போன எங்களுக்கு விரிவுரை மலாயில், தேர்வு மலாயில். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மலாய் எங்களுக்கு நன்றாகவே வந்தது. எங்கள் அண்ணன்மார் ஆங்கிலத்தில் படித்த படிப்பை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளான நாங்கள் மலாயில் எட்டிப் பிடித்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல் நூலகத்தில் இருந்தது.

முதல் வாரம் விரிவுரையாளர் ஒரு தாள் கொடுத்தார். மேலே பாடத்தின் பெயர் மலாயில். கீழே படிக்க வேண்டிய நூல்கள் பதினான்கு. அதில் மலாய் நூல்கள் இரண்டு, ஆங்கில நூல்கள் பன்னிரண்டு. மொழியை மாற்ற ஓர் அரசாணை போதும். அலமாரியில் இருக்கும் நூல்களை மாற்ற ஒரு தலைமுறை வேண்டும். அந்த இடைப்பட்ட தலைமுறை நாங்கள். விரிவுரையைக் கேட்டு எழுதிக்கொண்டவன் தேறிவிடலாம். ஆனால் அதற்கு மேல் ஒரு மதிப்பெண் வேண்டுமென்றால் அந்தப் பன்னிரண்டு நூல்களுக்குள் போயாக வேண்டும்.

முதல் நூலின் முதல் பக்கத்தைப் படிக்க எங்களில் ஒருவருக்கு ஒரு மாலை முழுதும் போயிற்று. அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர் இஷா வரை அகராதியைப் புரட்டினார். முப்பத்தெட்டுச் சொற்களுக்குப் பொருள் எழுதினார். முடித்தபோது முப்பத்தெட்டுச் சொற்களுக்கும் பொருள் தெரிந்தது, பக்கம் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. வாய்விட்டுப் படிக்க வேண்டிய வகுப்பு வந்தால் வரிக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வோம். "ஹைப்பாதசிஸ்", "சைக்காலஜி" என்று. எங்கள் பாட்டிமார் தமிழை அரபு எழுத்தில் எழுதிக் கடிதம் போட்டவர்கள். ஊரிலிருந்து வந்த அந்த அரபுத்தமிழ்க் கடிதங்கள் எங்கள் வீட்டுப் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. நாங்கள் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினோம். தெரிந்த எழுத்தில் தெரியாத மொழியைக் கட்டிப்போடுவது நம்மவர்களுக்குப் பழக்கம்தான்.

பல்கலைக்கழகங்கள் இதை அறியாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் 1970களிலேயே பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, மலாயில் படிக்கும் மாணவர் ஆங்கில நூல்களைப் படித்துப் புரிந்துகொள்வதற்கென்றே தனிப் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கியது. பேச்சு வேண்டாம், எழுத்து வேண்டாம், படித்துப் புரிந்தால் போதும் என்பது அதன் அடிப்படை. அந்த வழியில் வந்த வகுப்புகளில்தான் நாங்களும் உட்கார்ந்தோம். வாரத்துக்கு நான்கு மணி நேரம். தேறாவிட்டால் திரும்பப் படிக்க வேண்டும். தேறாமல் பட்டம் இல்லை.

அந்த வகுப்பில் முதலில் கற்றது அகராதியை மூடி வைப்பது. ஒரு பத்தியை முழுதாக ஒரு முறை படி, தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுக் கடந்து போ, பத்தி எதைப் பற்றியது என்று மலாயில் ஒரு வரி எழுது, அதன் பிறகு திரும்பி வா என்றார்கள். கோடு போட்ட பத்துச் சொற்களில் ஆறு தாமாகவே பிடிபட்டுவிடும். மீதி நான்குக்கு அகராதி. பக்கத்துக்கு முப்பத்தெட்டுச் சொல் பார்த்த எங்களுக்கு இது பெரிய விடுதலை. இன்றைக்கும் சனிக்கிழமை வகுப்பில் முதல் மாதம் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். பிள்ளைகளே, உங்கள் மேல் கோபம் இல்லை.

இரண்டாவதாகக் கற்றது, பெரிய சொற்களைவிடச் சின்னச் சொற்கள் ஆளைக் கவிழ்க்கும் என்பது. "ஃபோட்டோசிந்தசிஸ்" என்ற சொல்லால் எங்களில் யாரும் தோற்கவில்லை. "அன்லெஸ்", "ஆல்தோ", "ஹார்ட்லி" போன்றவைதான் தோற்கடித்தன. "ஹார்ட்" என்றால் கடினமாக, ஆகவே "ஹார்ட்லி வொர்க்ஸ்" என்றால் கடினமாக உழைக்கிறான் என்றே ஓராண்டு நம்பிக்கொண்டிருந்தோம். கிராமப் பொருளாதாரப் பாடத்தில் எங்களில் ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்று. புதிய நெல் விதையைச் சில விவசாயிகள் ஏற்றார்கள் என்று மலாயில் எழுதி, அதன் மேல் நான்கு பக்கம் வாதம் கட்டினார். மூல நூலில் இருந்தது "ஃபியூ ஃபார்மர்ஸ்". முன்னால் அந்த "எ" இல்லை. "எ ஃபியூ" என்றால் சிலர் இருக்கிறார்கள். வெறும் "ஃபியூ" என்றால் அநேகமாக யாரும் இல்லை. ஓர் எழுத்து இல்லாததைக் கவனிக்காததால் கட்டுரை முழுவதும் தலைகீழாகிவிட்டது. நம் தமிழிலும் அந்த "எ" இல்லை, மலாயிலும் அப்படி ஒன்று இல்லை. இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பிள்ளைகள் செய்யும் தவறுகளைப் பார்த்து "கவனமில்லை", "சோம்பேறி" என்கிறோம். பெரும்பாலான தவறுகளுக்கு ஊரும் பேரும் உண்டு. "அவர் டாக்டர்" என்கிறோம், தமிழில் அது முழு வாக்கியம். மலாயில் "டியா டோக்டர்", அதுவும் முழு வாக்கியம். அரபியிலும் அப்படித்தான். மூன்று மொழி தெரிந்த பிள்ளை ஆங்கிலத்துக்கு வந்து "ஹி டாக்டர்" என்று எழுதினால், அது மூன்று மொழிகளில் சரியாக இருப்பதை நான்காவதில் செய்து பார்க்கிறது. நடுவில் ஓர் "இஸ்" போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் போதும், திட்ட வேண்டியதில்லை. "நேற்று நான் கடைக்குப் போ" என்று தமிழில் எந்தக் குழந்தையும் சொல்லாது. மலாயில் வினை மாறாது. நேற்றானாலும் நாளையானாலும் "பெர்கி"தான். மலாயில் பன்னிரண்டு ஆண்டு சிந்தித்த பிள்ளை "யெஸ்டர்டே ஐ கோ" என்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம், தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டால் சட்டென்று திருத்திக்கொள்கிறது. காலம் காட்டும் பழக்கம் தமிழில் அதற்கு இருக்கிறது. இதைப் பல முறை கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஓதக் கற்றதும் உதவியது. தமிழ் மட்டும் படித்த எங்கள் வகுப்புத் தோழர்கள் "பேன்" என்றும் "பாதர்" என்றும் திணறியபோது, ஃபாத்திஹா ஓதிய நாக்குக்கு அந்த ஒலி புதிதல்ல. ஸாய், ஷீன் எல்லாம் உஸ்தாதின் பிரம்புக்குப் பயந்து ஆறு வயதிலேயே பிரித்துப் பழகியவை. எங்களுக்கு வராமல் போனது உதட்டைக் கடித்துச் சொல்லும் "வ"வும் உதட்டைக் குவித்துச் சொல்லும் "வ"வும்தான். மேற்குத் திசையும் உள்சட்டையும் எங்கள் வாயில் பல காலம் ஒரே சொல்லாக இருந்தன. இப்போதும் முழுதாகப் பிரிந்துவிட்டன என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் ஓதிய பழக்கம் ஒரு வகையில் எங்களைத் தடுத்தது என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். பொருள் தெரியாமலே ஒலி பிசகாமல் பக்கம் பக்கமாக ஓதுவது இறைவேதத்துக்கு நாம் செய்யும் கண்ணியம். அதற்கு நன்மை உண்டு. அதே பழக்கத்தில் ஆங்கிலப் பாடநூலையும் ராகம் போட்டு மனனம் செய்தோம். பாடநூலை அப்படிப் படித்ததால் ஒரு பயனும் இல்லை.

இனி, நாங்கள் சொல்லத் தயங்கிய பகுதி.

எங்களில் ஒருவர் முதலாண்டு முடிவில் ஆங்கிலத் தாளில் தேறவில்லை. மற்ற எல்லாத் தாள்களிலும் தேறினார். ஆங்கிலத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவருடைய அத்தா ஊரிலிருந்து கப்பலேறி வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று தெரு முழுதும் மைசூர்பாகு கொடுத்தவர். மலாய் சரளமாகப் பேசுவார். ஜாவி எழுத்தில் இருந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ரூமி எழுத்து தெரியாது. கடிதம் ரூமியில் இருந்தது.

"படிச்சுக் காட்டு" என்றார் அத்தா.

மகன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆங்கிலத்துல இன்னொரு வகுப்பு கூடுதலா வைக்கிறாங்களாம் அத்தா" என்று படித்தார்.

அத்தாவுக்கு ஒரே மகிழ்ச்சி. கூடுதல் வகுப்பு என்றால் கூடுதல் செலவு இருக்குமே என்று அவராகவே நினைத்துக்கொண்டு, மகனுக்குத் தெரியாமல் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். அப்போது பொருளாளராக இருந்தவர் மணி சேஞ்சர் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. அத்தா கடிதத்தை நீட்டி, மாதம் எண்பது வெள்ளி என்பதை நூறாக்கித் தர முடியுமா என்று கேட்டார். ஹாஜியார் கடிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். "பார்ப்போம் பாய், கமிட்டியில வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, மகனுக்கு ஆளனுப்பினார்.

அன்றைய விதிப்படி ஒரு தாளில் தவறினாலும் கடன் நிற்க வேண்டும். கமிட்டியில் நிறுத்தத்தான் வேண்டும் என்றார்கள் சிலர். ஒருவனுக்கு விட்டுக் கொடுத்தால் எல்லாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டி வரும் என்பது அவர்கள் வாதம்; அது தவறான வாதமும் இல்லை, பணம் சங்கத்துப் பணம். ஹாஜியார் எழுந்து, "நாப்பது வருஷமா கப்பக்காரனுங்ககிட்ட இங்கிலீஷ் பேசிக்கிட்டிருக்கேன். இந்தப் பரீட்சையை எனக்கு வைச்சா நான் பாஸாவேனா?" என்று கேட்டார். சிரித்துவிட்டார்கள். பிறகு ஒரு நிபந்தனையோடு ஓராண்டு நீட்டித்தார்கள். விடுமுறையில் பையன் சங்க அலுவலகத்துக்கு வர வேண்டும். வங்கி, வழக்கறிஞர், காப்புறுதி நிறுவனம் இவர்களிடமிருந்து ஆங்கிலத்தில் வந்து குவிந்திருக்கும் கடிதங்களைத் தமிழில் எழுதிக் கமிட்டிக்குக் கொடுக்க வேண்டும். சங்கத்துக்கு அப்போது கடைவீடு வாங்கிய கடன் இருந்தது; கடிதங்களுக்குப் பஞ்சமில்லை.

அத்தாவிடம் ஹாஜியார் எதுவும் சொல்லவில்லை. மகனே போய்ச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். மகன் சொன்னார். அத்தா திட்டவில்லை, அடிக்கவில்லை. "ஃபெயிலானது ஒண்ணுமில்லடா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே மாத்திப் படிச்சே?" என்றார். அதன் பிறகு இரண்டு மாதம் மகனிடம் எந்தத் தாளையும் படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. மின்கட்டண பில்லைக்கூடப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அந்த விடுமுறையில் மொழிபெயர்த்த கடிதங்கள் நூற்றுக்கு மேல். "வருந்துகிறோம்" என்று தொடங்கினால் இல்லை என்று அர்த்தம், "தயவுசெய்து கவனத்தில் கொள்க" என்றால் பணம் கட்டு என்று அர்த்தம் என்பதெல்லாம் அங்கே தெரிந்தது. ஒரு காப்புறுதிக் கடிதத்தில் "அன்லெஸ்" என்ற சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்த்ததில், சங்கம் தவணை கட்டத் தேவையில்லை என்று பொருள் வந்துவிட்டது. ஹாஜியார் தாளை ஓரமாக வைத்து, "தம்பி, இவ்வளவு நல்லவனா இருக்கிற கம்பெனியை நான் பார்த்ததில்லையே, மறுபடி படிங்க" என்றார். வகுப்பறையில் ஒரு மதிப்பெண் போகும் இடத்தில் இங்கே கட்டடம் போய்விடும். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆங்கிலத் தாளில் தேறினார்.

பட்டம் வாங்கிய பிறகு நால்வருக்கும் இன்னொரு பாடம் காத்திருந்தது. தனியார் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. மூன்றாண்டு ஆங்கிலத்தில் படித்திருந்தோம், பேசியதில்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றபோது எங்கள் சகோதரி வாயைத் திறந்து மூடியது இன்றும் அவருக்கு நினைவிருக்கிறது. அந்த வேலை கிடைக்கவில்லை. அவர் இடைநிலைப்பள்ளி ஆசிரியையாகப் போய், முப்பது ஆண்டு கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது நம் சனிக்கிழமை வகுப்பை நடத்துகிறார். அந்த நிறுவனத்துக்குத்தான் நஷ்டம் என்று நாங்கள் சொல்வோம். அவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

எங்களுக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். 1983இல் தொடங்கிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலும் அரபியிலும் கற்பித்தது. நம் பிள்ளைகள் பலர் அங்கே போனார்கள். 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது, ஆங்கிலவழித் தனியார் கல்லூரிகள் பெருகின. ஆறாம் படிவத்தில் ஆங்கிலம் இல்லாத அந்த ஓட்டையை அடைக்க 1999இல் மூவெட் தேர்வு வந்தது. 2003இல் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின; 2012இல் திரும்ப மாறத் தொடங்கின. இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு வகுப்புப் பிள்ளைகள் உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே அண்ணன் ஆங்கிலத்தில் கணக்குப் படித்தான், தம்பி மலாயில் படித்தான், அண்ணன் நோட்டைத் தம்பி பயன்படுத்த முடியவில்லை.

மூவெட் பற்றிக் கொஞ்சம். முன்பு வாசிப்புக்குத்தான் அதிக மதிப்பெண்: மொத்தம் 300இல் வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 45. 2021 முதல் நான்குக்கும் சமமாக 90, மொத்தம் 360. வீட்டில் உட்கார்ந்து நூல் படித்தே தப்பித்துக்கொண்ட கூச்சக்காரப் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம். பேச்சுத் தேர்வில் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு குழுவாக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். அதற்காகத்தான் சனிக்கிழமை வகுப்பில் பாதி நேரம் பேச வைக்கிறோம். ஆண் பிள்ளைகள் முன்னால் பெண் பிள்ளைகளைப் பேச வைக்கிறீர்களே என்று சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். தேர்வு அறையில் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினோம். வகுப்பில் ஆசிரியை இருக்கிறார், கதவு திறந்திருக்கிறது, தாய்மார்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பின்னால் உட்காரலாம். சிலர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தாயார் இப்போது மகளைவிட ஒழுங்காக வருகிறார்.

வகுப்பில் பயன்படுத்தும் ஒரு பட்டியலைப் பற்றிச் சொல்ல ஆசை. நியூஸிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர், பல துறைப் பாடநூல்களையும் அலசி, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். பல்கலைக்கழக நூலில் ஏறத்தாழ பத்துச் சொல்லுக்கு ஒன்று இதிலிருந்து வரும். பிள்ளைகள் 570 என்றதும் முகம் சுளிப்பார்கள். அப்போது மலாயைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். அனாலிசிஸ், டேட்டா, ஃபக்டோர், ஃபுங்ஸி, கொன்செப், பிரோசெஸ், செக்டோர், ஸ்ட்ரக்டுர், தியோரி, கத்தெகோரி. இதெல்லாம் நீங்கள் பள்ளியில் மலாயில் படித்த சொற்கள், எழுத்தைக் கொஞ்சம் மாற்றினால் ஆங்கிலம் என்கிறோம். முதல் நாளிலேயே பட்டியலில் ஒரு நல்ல பகுதி தெரிந்த சொற்களாகிவிடுகிறது. எங்கள் காலத்தில் மலாய்தான் ஆங்கிலத்தைக் கெடுத்தது என்று புலம்பியவர்கள் உண்டு. நாங்களும் புலம்பியிருக்கிறோம். அந்தப் பட்டியலை மலாயோடு சேர்த்துப் பார்த்த பிறகு புலம்புவதை விட்டுவிட்டோம்.

இன்னொரு விஷயத்தில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட்ட தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். "கம் லா, ஈட் லா, ஸ்லீப் லா" என்று மூன்று வினையில் வீட்டுப் பேச்சு முடிந்துவிடுகிறது. உங்களுக்கு ஆழமாகத் தெரிந்த மொழி தமிழ். அதில் கதை சொல்வீர்கள், காரணம் சொல்வீர்கள், கோபத்தில் ஒரு பழமொழி விடுவீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஒரு வாதத்தை நூல் பிடித்துக்கொண்டு போகத் தெரிகிறது. மூவெட் எழுத்துத் தாளில் கேட்பதும் அதைத்தான். எங்கள் வகுப்பில் தமிழில் ஒரு விஷயத்தை விளக்கத் தெரிந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் முதலில் பின்தங்கினாலும் ஆறு மாதத்தில் முன்னால் போய்விடுகிறார்கள். ஆங்கிலம் வீட்டுக்குள் வர வேண்டுமானால் நூலாக வரட்டும். கதைப்புத்தகம், செய்தித்தாள், எதுவானாலும் சரி.

கடைசியாகச் சங்கத்தின் சார்பில் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறோம். நம் கல்விக் கடன் மனுப் படிவம் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு வழக்கறிஞர் நண்பர் இலவசமாக எழுதிக் கொடுத்தார், அப்படியே விட்டுவிட்டோம். அதில் பெற்றோர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பட்டம் பெற்று ஆறு மாதத்தில் தவணை தொடங்கும், பிள்ளை கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பெற்றோருக்கு அதைப் படித்துக் காட்டியவர்கள் கடன் கேட்டு வந்த அந்தப் பிள்ளைகள்தான். சென்ற ஆண்டு ஒரு தாயார் தவணை நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார். "இது உதவித்தொகைன்னுதானே எம் மவன் படிச்சான்" என்றார். எங்களில் ஒருவரால் அன்று முழுவதும் எதுவும் பேச முடியவில்லை.

அந்தத் தாயாரின் தவணையைக் கமிட்டி ஓராண்டு தள்ளி வைத்திருக்கிறது. மகன் இப்போது வேலையில் சேர்ந்து கட்டத் தொடங்கியிருக்கிறார். படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதி முடித்துவிட்டோம். மூன்றாம் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். இனி கையெழுத்துக்கு முன் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பெற்றோருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், படிப்பவர் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று விதி செய்திருக்கிறோம். புதிய படிவங்கள் வாசலில் சர்பத் வைத்திருக்கும் மேசையின் இடது பக்கத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை வகுப்பு அடுத்த வாரம் அஸருக்குப் பின் வழக்கம்போல் நடக்கும். வஸ்ஸலாம்.